பட்டறைப் பக்கம்: பேக்கிங் மாற்றியும் புகை கசிகிறதே, ஏன்?

எஞ்சினிலிருந்து சைலன்சர் பக்கம் புகையைக் கொண்டுபோகும் குழாய்க்கு ஹெடர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பெண்ட் பைப் என்று வண்டிக்கு வண்டி பெயர் மாறினாலும், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் குறை ஒன்றுதான். அது எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் புகை கசிகிறது. கடையில் நாம் பேக்கிங் என்று கேட்பதும், உறையில் கேஸ்கெட் என்று அச்சடித்திருப்பதும் ஒரே பொருள். இங்கே பேக்கிங் என்றே எழுதுகிறோம்.

ஏனுங்க, எங்க ஜிப்சிக்கு நாலு மாசத்துக்கு முன்னால ஒரு பட்டறையில சொல்லி ஹெடர் செஞ்சு போட்டோமுங்க. காலைல வண்டிய எடுத்தா டிக் டிக்னு சத்தம். ஆழியாறு போய்ச் சேர்றதுக்குள்ள நின்னுருது. இதுவரைக்கும் மூணு பேக்கிங் மாத்தியாச்சு. பேக்கிங் சரக்கு சரியில்லைங்கறாங்க. எந்தக் கம்பெனி பேக்கிங்குங்க நல்லது?
— வாசகர், பொள்ளாச்சி

மூன்று பேக்கிங் வரிசையாகப் போயிருக்கிறது என்றால் நான்காவது கம்பெனியைத் தேடாதீர்கள். இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன மேடு பள்ளத்தை நிரப்புவதுதான் பேக்கிங்கின் வேலை. முகமே வளைந்திருந்தால் எந்தக் கம்பெனி பேக்கிங்கும் நிற்காது. உங்கள் ஹெடரின் ஃபிளேஞ்ச், அதாவது ஹெட்டோடு சேரும் தகடு, வெல்டிங் சூட்டில் வளைந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. புதிதாகச் செய்த ஹெடரில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

ஆறியிருக்கும்போது சத்தம், சூடானால் அமைதி என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. சூட்டில் இரும்பு விரிந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ஆனாலும் கழற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். வால்வு பக்கத்து டேப்பட் சத்தமும் காதுக்கு இப்படியேதான் கேட்கும். அரை அங்குல ரப்பர் ஹோஸ் ஒரு மீட்டர் எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொரு போர்ட்டின் (ஹெட்டில் புகை வெளியே வரும் வாய்) விளிம்பிலும் காட்டுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ ஹோஸோ போகக் கூடாது. கசியும் இடத்தில் சத்தம் காதில் அறைகிற மாதிரி வரும். இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு வாக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்திவிட்டு, ஹெட் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான், குமிழி கிளம்பும் இடம் ஓட்டை. கம்ப்ரசர் காற்றை நேராக உள்ளே விடாதீர்கள். அவ்வளவு அழுத்தம் இதற்குத் தேவையில்லை.

கழற்றிய பேக்கிங்கைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக அமுங்கிய இடம் போர்ட்டைச் சுற்றிப் பளபளப்பான சாம்பல் நிற வளையமாக, எங்கும் அறுபடாமல் இருக்கும். கசிந்த இடத்தில் அந்த வளையம் அறுந்து, உள்ளிருந்து வெளியே ஒரு கரிக்கோடு ஓடியிருக்கும். அந்த இடத்தில் விரலால் தடவினால் மேல்பரப்பு புதிதுபோலவே சொரசொரப்பாக இருக்கும். அதாவது அங்கே இறுக்கமே விழவில்லை. கரிக்கோடு முதல் போர்ட்டிலும் நான்காவது போர்ட்டிலும் இருந்தால் ஃபிளேஞ்ச் வில் மாதிரி வளைந்திருக்கிறது. நடுவில் இருந்தால் எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கிறது. ஒரே ஒரு போர்ட்டில் மட்டும் இருந்தால் அந்த இடத்து ஸ்டட்டையும் (ஹெட்டில் நட்டு மாட்ட நீட்டிக்கொண்டிருக்கும் திரெட் போட்ட கம்பி) வெல்டிங் கட்டியையும் பாருங்கள்.

இனி அளவு எடுக்க வேண்டும். 600 மி.மீ. நீளமுள்ள நேர்விளிம்புக் கோல் ஒன்றும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜும் போதும். சாதாரண ஸ்டீல் ஸ்கேலை நம்பாதீர்கள், அது வளைந்து கொடுத்துவிடும். கோலை ஃபிளேஞ்சின் நீளவாக்கில் ஒருமுறை, இரண்டு மூலைவிட்டங்களிலும் ஒவ்வொரு முறை, பிறகு ஒவ்வொரு போர்ட்டுக்கும் குறுக்கே தனித்தனியாக வையுங்கள். போர்ட்டைச் சுற்றி 0.10 மி.மீ. தகடு நுழையக் கூடாது. முழு நீளத்துக்கும் 0.20 வரை போனால் கிராஃபைட் பேக்கிங் தாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டினால் முகத்தைச் சரி செய்தே ஆக வேண்டும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவு. ஹெட்டின் முகத்தையும் இதே மாதிரி அளந்துவிடுங்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும், ஆனால் அளக்காமல் சொல்லக் கூடாது.

வளைவு 0.30 மி.மீ.க்குள் இருந்தால் வீட்டிலேயே தேய்க்கலாம். கிரானைட் கடையில் கிடைக்கும் நேரான பாலிஷ் துண்டின் மேல் 80 நம்பர் எமரித் தாளை ஒட்டி, ஃபிளேஞ்ச் முழுக்க மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, எட்டு வடிவத்தில் தேயுங்கள். கோடு அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடும் அழியும்வரை தேய்க்க வேண்டும். 0.30க்கு மேல் என்றால் மில்லிங் அல்லது சர்ஃபேஸ் கிரைண்டிங். கோயமுத்தூரில் அதற்குப் பட்டறைக்கா பஞ்சம்? ஆனால் வேலை கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். வளைந்த ஃபிளேஞ்சை மெஷின் மேசையில் கிளாம்ப் போட்டு அமுக்கி நேராக்கிவிட்டு வெட்டினால், கிளாம்ப்பைத் தளர்த்திய நொடியில் அது பழைய வளைவுக்கே திரும்பிவிடும். அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் ஷிம் தகடு வைத்துத் தாங்கி, வளைவு வளைவாகவே இருக்கும் நிலையில் பிடித்து வெட்ட வேண்டும்.

ஃபிளேஞ்சின் தடிமனையும் பாருங்கள். 6 மி.மீ. தகட்டில் செய்த ஹெடர் நிறைய ஓடுகிறது. அந்தத் தகடு ஸ்டட் இருக்கும் இடத்தில் அமுங்கி, இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே எழும்பி நிற்கும். 10 மி.மீ. தகட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உங்களுடையது 6 மி.மீ. ஆக இருந்து, தேய்த்த பிறகும் கசிந்தால், பணம் செலவானாலும் ஃபிளேஞ்சை மாற்றிவிடுவதே நல்லது.

ஹெட் முகத்தைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. அலுமினியம் ஹெட்டில் கிரைண்டர் டிஸ்க் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் குழி விழுந்துவிடும், மணல் துகள் வால்வு சீட்டுக்கும் போய்விடும். போர்ட்டுகளைத் துணியால் அடைத்து, எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொண்டு, பித்தளை அல்லது கெட்டி பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். கடைசியில் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் எண்ணெய் போய்விடும். 1980, 90களின் வண்டிகளில் இருக்கும் பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவும் காற்றடித்து ஊதவும் கூடாது. தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டு எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள்.

அடுத்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேக்கிங் இல்லாமல் ஹெடரை ஸ்டட்டுகளில் மாட்டிப் பாருங்கள். கையால் தள்ளினாலே முகத்தோடு முகம் போய் உட்கார வேண்டும், கீழே சைலன்சர் பைப்பின் வாயும் தானாக நேரே வர வேண்டும். கடப்பாரை வைத்து நெம்பினால்தான் சேரும் என்றால், அந்த இழுப்பு வண்டி ஓடும் காலமெல்லாம் பேக்கிங்கைப் பிரித்துக்கொண்டே இருக்கும். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு நடுவில் உள்ள ஓட்டைகள் 9 மி.மீ., இரண்டு கோடிகளில் 10 மி.மீ. இருக்கலாம். சூட்டில் நீளும் இரும்புக்கு அந்த இடம் வேண்டும். ஃபிளேஞ்ச் ஸ்டட்டின் திரெட் இல்லாத பாகத்தை மூடுகிறதா என்றும் பாருங்கள். மெல்லிய ஃபிளேஞ்சில் நட்டு திரெட் முடியும் இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு இறுகிவிட்ட மாதிரி தெரியும், பேக்கிங்கில் பிடிப்பே இருக்காது. கெட்டியான வாஷர் ஒன்று போட்டால் தீர்ந்தது.

பேக்கிங்கில் உங்கள் வண்டிக்குச் சரியானது, ஓட்டைபோட்ட ஸ்டீல் தகட்டின் இரு பக்கமும் கிராஃபைட் அழுத்திய 1.5 மி.மீ. ரகம். பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் நீண்ட காலம் உழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு முகமும் கிரைண்டிங் செய்து வழவழப்பாக இருந்தால்தான். கையால் தேய்த்த முகத்துக்கு அது ஒத்துவராது. பேக்கிங்கின் ஓட்டை ஹெட் போர்ட்டைவிடச் சுற்றிலும் 1 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கிராஃபைட் விளிம்பு நேராக நெருப்பில் நிற்கிறது. ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் காற்றுப் பட்டால் கிராஃபைட் எரிந்துபோகும். அந்த விளிம்பில் ஆரம்பிக்கும் எரிவு மெல்ல உள்ளே தின்றுகொண்டே வரும். பேக்கிங்கை உலர்வாகவே வையுங்கள், பசை எதுவும் வேண்டாம். இரண்டு பேக்கிங்கை அடுக்கி வைப்பதும் வேண்டாம். தடிமன் கூடக் கூட அது அமுங்கித் தளர்வதும் கூடும்.

ஸ்டட் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். நட்டு, வாய் சற்று நசுக்கிய முழு இரும்பு லாக் நட்டாக இருக்கட்டும். நைலான் வளையம் வைத்த நட்டு இந்தச் சூட்டில் உருகிவிடும், ஸ்பிரிங் வாஷர் துள்ளல் போய் வெறும் வளையமாகிவிடும். இறுக்குவது நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி வெளியே போகும் வரிசையில், மூன்று சுற்றாக. புத்தகத்தில் வேறு அளவு இல்லாவிட்டால் 8 மி.மீ. ஸ்டட்டுக்கு முதல் சுற்று 10, அடுத்தது 16, கடைசியாக 22 நியூட்டன் மீட்டர். கோடியில் ஆரம்பித்தால் பேக்கிங் நடுவில் சுருங்கி மடிந்து நிற்கும். இதெல்லாம் முடியும்வரை சைலன்சர் பைப்பின் போல்ட்டுகள் தளர்வாகவே தொங்கட்டும். ஹெடர் நட்டு முடிந்த பிறகு முன்னிருந்து பின்னாக அவற்றை இறுக்குங்கள்.

ஹெடரில் எப்போதும் ஒரு நட்டு மட்டும் பைப் வளைவுக்கு அடியில் ஒளிந்திருக்கும், சாக்கெட் போகாது. "அது கிடக்கட்டும், மத்ததெல்லாம் டைட்டா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலான கசிவு அந்த நட்டில்தான் தொடங்குகிறது. குரோஃபுட் என்று கேட்டால் டூல்ஸ் கடையில் தலை மட்டும் உள்ள ஸ்பேனர் கிடைக்கும். அதை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரிஞ்சின் கைப்பிடிக்கு நேராக மாட்டினால் நீளம் கூடி, காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். கைப்பிடிக்கு 90 டிகிரியில் மாட்டினால் அளவு மாறாது.

பூட்டியதும் 15 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். முதலில் கொஞ்சம் புகை வந்தால் பயப்பட வேண்டாம், கைபட்ட எண்ணெய் எரிகிறது. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் அதே வரிசையில் அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். கிராஃபைட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், நட்டு கால் சுற்றுவரை கூட நகரலாம். 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை. சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்பேனரைத் தொடாதீர்கள். சூட்டில் அலுமினியம் மெதுத்திருக்கும், ஸ்டட் திரெட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ஆறு சிலிண்டர் டீசல் லாரி. மேனிஃபோல்டுல கடைசி ரெண்டு ஸ்டட்டு மட்டும் அடிக்கடி ஒடிஞ்சு போகுதுங்க. பேக்கிங்கும் அங்கதான் போகுது. திம்பம் இறங்கறப்ப எக்ஸாஸ்ட் பிரேக் போட்டா உஸ்ஸுனு சத்தம். போன தடவை வேலை செஞ்சவர் நட்டுக்கு அடியில இருந்த குழாய் மாதிரி வாஷரெல்லாம் தேவையில்லைன்னு எடுத்துட்டாருங்க.
— லாரி உரிமையாளர், சங்ககிரி

அந்தக் குழாய் வாஷரைத் தேடிப்பிடித்துத் திரும்பப் போடுங்கள். அது அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.011 மி.மீ. விரியும். 900 மி.மீ. நீளமுள்ள மேனிஃபோல்டு 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 4 மி.மீ. நீளும். ஹெட்டுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி இருப்பதால் 70 டிகிரி ஏறினாலும் 0.7 மி.மீ.தான் நீளும். மிச்சம் 3 மி.மீ.க்கு மேல் இரண்டு கோடிகளுக்கும் பங்காகிறது. நடு ஸ்டட் சும்மா நிற்க, கோடி ஸ்டட்டின் தலை ஒவ்வொரு முறையும் ஒன்றரை மி.மீ. போய் வரப் பார்க்கிறது. சூடாவதும் ஆறுவதுமாக இப்படி மடங்கி மடங்கித்தான் ஒடிகிறது. கம்பியை இரண்டு பக்கமும் மடக்கி ஒடிக்கிற அதே கதை. இன்னும் பலமான ஸ்டட் வாங்கிப் போடுவதில் பயனில்லை.

குழாய் வாஷர் போட்டால் ஸ்டட்டின் நீளம் கூடுகிறது. நீளமான ஸ்டட் அதே ஒன்றரை மி.மீ. அசைவை மெதுவாக வளைந்து வாங்கிக்கொள்ளும், குட்டை ஸ்டட் ஒடிந்துபோகும். கம்பெனிக்காரர்கள் அதற்காகத்தான் வைத்தார்கள்.

அடுத்து, உங்கள் மேனிஃபோல்டு இரண்டு மூன்று துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று செருகிய மாதிரி இருக்கும். அந்தச் செருகல்தான் நீளும் இரும்புக்கு இடம் கொடுக்கிறது. கரியும் துருவும் சேர்ந்து அது பிடித்துப்போயிருந்தால் மூன்று துண்டும் ஒரே கட்டையாகிவிடும். கழற்றி, மெல்லச் சூடு காட்டிப் பிரித்து, உள்ளே உள்ள கரியைச் சுரண்டி, சீல் ரிங்கை மாற்றி, கையால் இழுத்தால் நகர்கிற மாதிரி சேருங்கள். சைலன்சர் பைப்பின் பாரம் மேனிஃபோல்டில் தொங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கியர் பாக்ஸ் பக்கத்துத் தாங்கி ஒடிந்திருந்தாலோ வளையும் பெல்லோஸ் பைப் விறைத்துப் போயிருந்தாலோ அந்தப் பாரமெல்லாம் கடைசி ஸ்டட்டில்தான் விழும்.

எக்ஸாஸ்ட் பிரேக் போடும்போது சத்தம் பெரிதாகக் கேட்பது இயல்பு. புகை போகும் வழியை அது மூடுவதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. அந்த இறக்கத்தில் கசிகிற மேனிஃபோல்டோடு போனால் பிரேக் பிடிப்பும் குறைவு. டர்போ வண்டியாக இருந்தால் ஏற்றத்தில் இழுவையும் குறையும், கரும்புகையும் தள்ளும். அடுத்த லோடுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் ஓடிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றினால், மறுபடி மாட்டும்போது கோடி ஓட்டைகள் ஸ்டட்டோடு ஒத்துவராமல் போகலாம். பிடியிலிருந்து விடுபட்டதும் அது சுருங்கிக்கொள்கிறது. நெம்பி மாட்டினால் விரிசல் விடும். கோடி ஓட்டையை மட்டும் ஒரு மி.மீ. அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒடிஞ்ச ஸ்டட்ட எப்படி எடுக்கறதுங்க? ஹெட்ட கழட்டாம முடியுமா?
— மெக்கானிக், நாமக்கல்

வெளியே 3, 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் முடியும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். ஸ்டட்டைவிட ஒரு அளவு பெரிய நட்டை அதன்மேல் வைத்து, நட்டுக்குள் மிக் வெல்டிங்கில் நிரப்பி, சிவப்பு போனதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித் திருப்புங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் மறுபடி ஒடியும். வெல்டிங் சூடு ஸ்டட்டை விரித்துத் துருவை உடைக்கிறது, பாதி வேலையை அந்தச் சூடே செய்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முகத்தோடு சமமாக ஒடிந்திருந்தால் மத்தியில் சரியாகப் புள்ளி குத்தி டிரில் போட வேண்டும். 8 மி.மீ. சாதாரண திரெட்டுக்கு 6.8 மி.மீ. டிரில், 10க்கு 1.5 பிட்ச் என்றால் 8.5 மி.மீ. டிரில். புள்ளி ஓரம் போய்விட்டால் கெட்டியான ஸ்டட்டை விட்டுவிட்டு மெதுவான அலுமினியத்தை டிரில் தின்னும். அப்படி ஆகிவிட்டால் திரெட் இன்சர்ட் சுருள் போடுவதுதான் வழி.

டார்க் ரிஞ்ச் விலை அதிகமா இருக்குது. கை அளவுக்கு இறுக்கினாப் போதாதா?
— வாசகர், ஈரோடு

போதாது. ஒரே கைதான் என்றாலும், நின்றுகொண்டு இழுக்கும் நட்டும் படுத்துக்கொண்டு இழுக்கும் நட்டும் ஒரே அளவில் இறுகாது. 8 மி.மீ. ஸ்டட்டை 22 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அது சுமார் 1,400 கிலோ பாரத்தில் ஃபிளேஞ்சை அமுக்கும். நட்டுக்கு நட்டு அது ஏறி இறங்கினால் பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் புகை விடும்.

விலை கொடுக்க முடியாத நிலையில் ஒரு வழி உண்டு. மஞ்சள் மண்டிப் பக்கம் தொங்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். நட்டின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ரிங் ஸ்பேனரில் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். 11 கிலோ காட்டினால் 22 நியூட்டன் மீட்டர். 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 45 வேண்டும் என்றால் 30 செ.மீ. தூரத்தில் 15 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சாய்வாக இழுத்தால் கணக்கு தப்பிவிடும்.

இன்னொன்று. ஸ்டட்டில் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பசை தடவுவது நல்ல பழக்கம், அடுத்த முறை ஒடியாமல் வரும். ஆனால் வழுக்கும் திரெட்டில் அதே 22 போட்டால் பிடிப்பு 1,800 கிலோவைத் தாண்டிவிடும். புத்தகத்தில் உலர்ந்த திரெட்டுக்கு அளவு கொடுத்திருந்தால் பசை தடவும்போது நாலில் ஒரு பங்கு குறைத்து, 16, 17ல் நிறுத்துங்கள்.

சிவப்பு சிலிக்கான் தடவிப் பூட்டினால் பேக்கிங்கே வேண்டியதில்லை என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், பெருந்துறை

செய்யக் கூடாது. சிவப்பு சிலிக்கான் தாங்குவது 300 டிகிரியும் சில்லறையும். பெட்ரோல் எஞ்சின் ஏற்றத்தில் இழுக்கும்போது போர்ட்டில் வரும் புகை 700 டிகிரியைத் தாண்டும். ஒரு வாரத்தில் சிலிக்கான் பொடியாக உதிர்ந்துவிடும், அது இருந்த இடம் வாய்க்காலாக நிற்கும். பேக்கிங்கோடு சேர்த்துத் தடவினாலும், வழுக்கி, இறுக்கும்போது பேக்கிங் வெளியே பிதுங்கும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் சிலிக்கான் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும். டப்பாவில் விற்கும் சைலன்சர் பசை, பைப்புக்குள் பைப் செருகும் பின்பக்க இணைப்புகளுக்கு மட்டும்.

போர்வெல் போடற ரிக் வண்டி கம்ப்ரசர் எஞ்சினுக்கு அவசரத்துக்குப் பேக்கிங் கிடைக்கலைன்னா ஷீட் வாங்கி நாமே வெட்டிக்கலாமுங்களா? தமிழ்நாட்டைத் தாண்டிப் போயிட்டா உதிரிபாகம் வர்றதுக்கே ரெண்டு நாள் ஆகுதுங்க.
— வாசகர், திருச்செங்கோடு

வெட்டிக்கலாம், ஷீட் சரியானதாக இருந்தால். கார்க், ரப்பர் கலந்த ஷீட் ஆயில் பான் மாதிரி இடங்களுக்கானது, இங்கே ஒரு மணி நேரம் நிற்காது. நடுவில் முள்முள்ளாகக் குத்திய ஸ்டீல் தகடு வைத்த கிராஃபைட் ஷீட், 1.5 மி.மீ. கேட்டு வாங்குங்கள். வெளியூர் கிளம்பும்போதே ஒரு ஷீட் வண்டியில் இருக்கட்டும்.

ஷீட்டை ஹெட் முகத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அச்செடுப்பது பழைய பழக்கம். அப்படித் தட்டினால் போர்ட்டின் விளிம்பு நசுங்கும், அடுத்த கசிவு அங்கேயே வரும். பழைய பேக்கிங்கை வைத்துப் பென்சிலில் வரையுங்கள். பழையது இல்லாவிட்டால் ஹெட் முகத்தில் கரியோ மார்க்கிங் நீலமோ தடவி, தாளை அமுக்கி அச்செடுத்து, அந்தத் தாளை ஷீட்டில் ஒட்டி வெட்டுங்கள். ஸ்டட் ஓட்டைகளைக் குழாய் வடிவ பன்ச் கருவியால் முதலில் குத்தி, ஸ்டட்டில் மாட்டிச் சரிபார்த்த பிறகே போர்ட்டுகளை வெட்டுங்கள். போர்ட் சுற்றிலும் 1 மி.மீ. பெரிதாக.

நாள் முழுக்க ஒரே சீராக முழு லோடில் ஓடும் எஞ்சின் இது. வெட்டிய பேக்கிங்கைத் தற்காலிகமாக வைத்து, ஊர் திரும்பியதும் கம்பெனி பேக்கிங்குக்கு மாற்றிவிடுங்கள்.

செட்டிபாளையம் கரி கார் பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காகக் கார் தயார் செய்கிறோம். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் ஹெடர் செய்தால் பேக்கிங் நிற்குமா?
— பொறியியல் மாணவர்கள், கோவை

நிற்கும், விரிவைக் கணக்கில் எடுத்தால். 304 எஸ்.எஸ். சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக விரியும். 10 மி.மீ. சாதாரண ஸ்டீல் ஃபிளேஞ்சில் எஸ்.எஸ். பைப்பை 309எல் வெல்டிங் கம்பியால் பிடிக்கலாம். வெல்டிங்கின்போது ஃபிளேஞ்சை 20 மி.மீ. தடித் தகட்டிலோ உதவாத பழைய ஹெட்டிலோ போல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒன்று, நான்கு, இரண்டு, மூன்று என்று போர்ட் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னதாக அடியுங்கள். கை வைத்துத் தாங்கும் அளவுக்கு ஆறும்வரை போல்ட்டைக் கழற்றாதீர்கள். உள்பக்க வெல்டிங் கட்டி முகத்துக்கு மேலே துருத்தினால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். வெல்டிங் முடிந்த பிறகு நடுவில், இரண்டாவது மூன்றாவது போர்ட்டுக்கு இடையே, ஃபிளேஞ்சை அறுத்து இரண்டாக்கிவிட்டால் ஒவ்வொரு பாதியும் தன்தன் இடத்தில் ஒழுங்காக உட்காரும். எஸ்.எஸ். ஸ்டட்டில் எஸ்.எஸ். நட்டு போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஸ்டட் 8.8 தரத்துச் சாதாரண ஸ்டீலிலேயே இருக்கட்டும்.

மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் செய்து காட்டிய கரிவரதனின் ஊர் இது. நன்றாகச் செய்யுங்கள். ஆனால் அந்த ஹெடரோடு சாலையில் ஓட்டாதீர்கள். கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

பைக் பெண்ட் பைப்பைக் கழற்றி மாட்டினேன். பழைய செம்பு வளையத்தையே போடலாமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஒருமுறை நசுங்கிய வளையம் மறுபடி நசுங்காது. புதியது சில பத்து ரூபாய்தான், மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் டார்ச் அடித்து ஹெட் போர்ட்டுக்குள் பாருங்கள். பழைய வளையம் கரியோடு கரியாக அங்கேயே ஒட்டியிருப்பது தெரியாமல் அதன்மேல் புதியதை வைத்துவிடுவது சகஜம். அப்போது பைப் நேராக உட்காராது. இரண்டு நட்டையும் கையால் முடிந்தவரை ஓட்டி, பிறகு அரைச் சுற்று இங்கே, அரைச் சுற்று அங்கே என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். காலர் தகட்டுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சைலன்சரைத் தாங்கும் போல்ட்டைக் கடைசியில் இறுக்குங்கள்.

ஆம்னி வேனில் லேசான கசிவுதான். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாமா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிற வண்டி.
— வாசகர், தாராபுரம்

வேண்டாம், இந்த வாரமே பாருங்கள். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல், கேஸ் வண்டிகளின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடி ஏற்றியிருக்கும்போது பிள்ளைகளுக்குத் தலைவலி, தூக்கக் கலக்கம், குமட்டல் வந்தால் உடனே கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, எல்லோரையும் வெளியே காற்றில் இறக்கிவிடுங்கள். தலைவலி தணியவில்லை என்றாலோ யாராவது மயங்கினாலோ நேராக மருத்துவமனைக்குப் போய், வண்டிப் புகை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேக்கிங் மாற்றும்போது சீட்டுக்கு அடியில் உள்ள மூடியின் ரப்பர் பீடிங்கையும் கையோடு மாற்றுங்கள். அது காய்ந்து வெடித்திருந்தால், நாளைக்கு வேறு எங்கிருந்து புகை கசிந்தாலும் வண்டிக்குள்தான் வரும்.